ஒன்பது வளைவு மலையும் இரண்டு சொட்டு எண்ணெயும்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி வரைக்கும், தன்னைவிடக் கெட்டிக்காரி அந்தத் தெருவிலேயே கிடையாது என்றுதான் திருப்புளி நினைத்துக்கொண்டிருந்தாள்.

திருப்புளி என்பது பிறந்தபோது வைத்த பெயர் இல்லை. நான்கு வயதில் அவள் திருகாணி திருகும் திருப்புளியை எடுத்து ரேடியோவைக் கழற்றினாள். ஐந்து வயதில் சுவர்க் கடிகாரம். ஆறு வயதில் அப்பாவின் நாற்காலி. அப்பா அப்போது அதில் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் சிக்கல். அவர் விழுந்த அன்று ஒட்டிக்கொண்ட பெயர், அவளுக்குப் பத்து வயதான பிறகும் போகவில்லை.

அவளுடைய அம்மா மலை வீடுகளுக்குத் தபாலும் பார்சலும் கொண்டு போகிறவர். அடிவாரத்திலிருந்து மேலே போக ஒன்பது கொண்டை ஊசி வளைவுகள். பழைய சைக்கிளில் நான்காவது வளைவுக்கு மேல் மிதிக்கவே முடியாது. இறங்கித் தள்ளிக்கொண்டே போவார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, “இந்த மலையை யாராவது கொஞ்சம் சீவிவிட்டா நல்லா இருக்கும்” என்பார்.

போன மாதம் தபால் அலுவலகம் அவருக்கு ஒரு மின்சார மலை சைக்கிள் தருவதாகச் சொன்னது. எந்த வண்டி வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுக்கலாம்.

மூவரும் அடிவாரத்திலிருந்த சைக்கிள் கடைக்குப் போனார்கள். கடையை நடத்துபவர், பழுது பார்ப்பவர், பெருக்குபவர் எல்லாமே ஒருவர்தான். எல்லோருக்கும் அவர் கடையக்கா.

சிவப்பு வண்டி ஒன்றைப் பார்த்ததும் அப்பாவின் கண்கள் விரிந்தன. “இது பறக்கும்போல இருக்கே!”

“சமதரையில பறக்கும். மோட்டார் பின்சக்கரத்துக்குள்ள இருக்கு” என்றார் கடையக்கா.

பக்கத்தில் ஒரு சாம்பல் நிற வண்டி நின்றது. பார்க்க அவ்வளவு அழகு இல்லை. அதன் மோட்டார் இரண்டு பெடல்களுக்கும் நடுவில் இருந்தது.

“சிவப்பே எடுத்துக்கலாம்” என்றார் அப்பா. அவர் ஓட்டப்போகிற வண்டி மாதிரி.

திருப்புளி தலையைச் சொறிந்தாள். “அக்கா, அம்மா சும்மா போகமாட்டாங்க. பை நிறையப் பார்சல் இருக்கும். அதே மாதிரி பாரம் வச்சு ஓட்டிப் பார்க்கலாமா?”

“நல்லாக் கேட்ட” என்ற கடையக்கா, இரண்டு பைகளில் பழைய சங்கிலிகளையும் இரும்புத் துண்டுகளையும் போட்டு நிரப்பினார். கடைக்குப் பின்னால் ஒரு செங்குத்தான ஏற்றம் இருந்தது. அப்பா சிவப்பு வண்டியில் ஏறி விர்ரென்று கிளம்பினார். பாதி ஏற்றத்தில் மோட்டார் ‘ங்ங்ங்’ என்று முனகியது. அப்புறம் மூச்சே விடவில்லை. அப்பா காலை ஊன்றிக்கொண்டு, வந்த வழியே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு வந்தார்.

“வண்டிக்கு என்னைப் பிடிக்கலைபோல” என்றார்.

அம்மா சாம்பல் வண்டியில் ஏறினார். கியரைக் குறைத்தார். எறும்பு ஊர்வதுபோல ஊர்ந்து, ஆனால் ஓரிடத்தில்கூட நிற்காமல், உச்சிக்கே போய்விட்டார். மேலே நின்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.

“இதுல மோட்டார், சங்கிலியோட சேர்ந்து இழுக்கும். கியரைக் குறைச்சா காலுக்கும் சுலபம், மோட்டாருக்கும் சுலபம். மெதுவாப் போகும், ஆனா கைவிடாது” என்று விளக்கினார் கடையக்கா.

அதே மாதிரி ஒரு புது வண்டி அடுத்த வாரம் அம்மாவுக்கு வந்தது. கடையக்கா அதில் சில மாற்றங்கள் செய்தார். வழவழப்பான டயருக்குப் பதில் முண்டும் முடிச்சுமான டயர். செங்குத்தான ஏற்றத்துக்காகப் பின்னால் பெரிய பல்சக்கரம். பார்சல் வைக்க வலுவான தாங்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு சக்கரங்களிலும் பெரிய பிரேக் தட்டுகள்.

“ஏறுறதுக்குத்தானே வண்டி வாங்கினோம்? பிரேக் எதுக்கு இவ்வளவு பெருசு?” என்று அப்பா கேட்டார்.

“ஏறின அம்மா இறங்க வேண்டாமா?” என்று கேட்டார் கடையக்கா.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அந்த வாரம் மழை பெய்யும்வரை.

மழைக்குப் பிறகு பிரேக் பிடித்தாலே ‘கீஈஈஈச்’ என்று ஒரு சத்தம். மூன்றாவது வளைவு வீட்டில் தூங்கும் குழந்தை எழுந்து அழுதது. ஆறாவது வளைவில் நாய்கள் குரைத்தன.

“மலை முழுக்க என்னைப் பார்த்தா முறைக்குது. இந்தச் சத்தம் மட்டும் நின்னா நிம்மதியா இருக்கும்” என்றார் அம்மா வெள்ளிக்கிழமை மாலை, சோர்வோடு.

இங்கே அந்த வீட்டின் வெள்ளிக்கிழமை வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெரிய இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். இயந்திரம் முனகினால் எண்ணெய் விடுவது அவர் வேலை. அதே பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலையில் எண்ணெய்க் குடுவையோடு வீட்டைச் சுற்றி வரவேண்டும். கதவுக் கீல், ஜன்னல் கொக்கி, தையல் மெஷின், எது கத்தினாலும் அங்கே இரண்டு சொட்டு. இந்த வருடம் அந்தப் பொறுப்பு திருப்புளிக்கு வந்திருந்தது.

அன்று மாலையும் அவள் குடுவையோடு கிளம்பினாள். எல்லாம் முடிந்த பிறகு, அம்மாவின் வண்டி முன்னால் உட்கார்ந்தாள். சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பிரேக்கைப் பிடித்தாள். கீச்!

கத்துகிற இடம் தெரிந்துவிட்டது. பளபளக்கும் அந்தத் தட்டுதான்.

காலையில் அம்மா ஆச்சரியப்படட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அம்மா ஏழரை மணிக்கே தபால் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டார். ஒன்பதரைக்குத் திருப்புளி கடையக்காவின் கடைக்குப் போனாள். அம்மா கேட்டிருந்த புது மணியை வாங்கி வரவேண்டியிருந்தது. கடையக்கா ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அம்மா வண்டி கீச்கீச்சுன்னு கத்துச்சுல்ல? நான் நிறுத்திட்டேனே!”

“அட! பிரேக் கட்டையைக் கழட்டித் தேய்ச்சியா?”

“அதெல்லாம் எதுக்கு? ரெண்டு சொட்டு எண்ணெய். முடிஞ்சது!”

கடையக்காவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

“எங்க விட்ட?”

“கத்துற இடத்துலதான். பளபளன்னு ரெண்டு தட்டு இருக்குல்ல? முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. துணியால நல்லாத் தேய்ச்சும் விட்டேன்.”

கடையக்கா எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் திருப்புளியின் சிரிப்பு காணாமல் போனது.

“அந்தத் தட்டை ரெண்டு கட்டை கவ்விப் பிடிக்கிறதாலதான் வண்டி நிக்குது. சோப்பு போட்ட கையால பாட்டில் மூடியைத் திறந்து பார்த்திருக்கியா?”

திருப்புளி திறந்து பார்த்திருக்கிறாள். கை வழுக்கிக்கொண்டே இருக்கும். மூடி அசையாது.

“ஆனா அம்மா காலையில நல்லாத்தானே போனாங்க?” அவள் குரல் இறங்கிவிட்டது.

“சமதரையில தெரியாது. ஏத்தத்துல பிரேக்கே வேணாம். இறங்கும்போதுதான்…” கடையக்கா முடிக்கவில்லை. கையைத் துடைக்காமலே போனை எடுத்து அம்மாவை அழைத்தார்.

பதில் இல்லை. இரண்டாவது வளைவுக்கு மேல் சிக்னல் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஒன்பது வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாரமான வண்டி. பிரேக் இல்லை. அந்தப் பிரேக்கை இல்லாமல் செய்தது தன் கை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் நேரம் போகும் என்பதால் அதை விழுங்கினாள்.

“அக்கா, மழை மாமா வீட்ல கம்பி போன் இருக்கு!”

மழை மாமா என்பவர் மலை உச்சியில் மழை அளக்கும் நிலையத்தில் இருப்பவர். அவருடைய சைக்கிளும் இந்தக் கடையில்தான் பழுது பார்க்கப்படும். கடையக்கா நோட்டைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடித்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மழை மாமா எடுத்தார்.

“மாமா! தபால் அம்மா அங்க இருக்காங்களா?” என்று கேட்டார் கடையக்கா.

“இப்பத்தான் கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்பினாங்க. அஞ்சு நிமிஷம் இருக்கும்.”

“அவங்க வண்டியில பிரேக் இல்ல மாமா! ஓடிப் போய் நிறுத்த முடியுமா?”

“எங்க ஓடுறது? கால்ல மாவுக்கட்டு போட்டிருக்கேனே! வாசல்ல நின்னு கத்திப் பார்க்கிறேன்.” போன் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. தூரத்தில் அவர் அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. திரும்பி வந்தவர், “கேட்கல. காத்து எதிர்ப்பக்கம் அடிக்குது” என்றார்.

கடையக்கா போனை வைத்தார். “போச்சு. இறங்க ஆரம்பிச்சிருப்பாங்க.”

“இல்லக்கா, இல்ல!” திருப்புளி கண்ணை மூடிக்கொண்டு அம்மா போகும் வழியை நினைத்துப் பார்த்தாள். பாரத்தோடு ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்புவது கஷ்டம். அதனால் அம்மா முதலில் எங்கும் நிற்காமல் உச்சிக்கே போய்விடுவார். திரும்பி வரும்போதுதான் ஒவ்வொரு வீடாகக் கொடுத்துக்கொண்டு வருவார். “மழை மாமா வீட்லேர்ந்து தண்ணித் தொட்டி வரைக்கும் ரோடு கிட்டத்தட்ட சமதரைதான். நடுவுல நாலு வீடு இருக்கு. நாலுலயும் நின்னு பேசிட்டுத்தான் வருவாங்க. தொட்டிக்கு அப்புறம்தான் ஒன்பதாவது வளைவு. அங்கதான் இறக்கம் ஆரம்பம்.”

“அப்ப நமக்கு இருபது நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள தொட்டிக்குப் போயிடணும்.”

கடையக்கா பாய்ந்து போய்ச் சிவப்பு வண்டியை எடுத்தார். “ஏறு! முழு சார்ஜ் இருக்கு!”

திருப்புளி ஏறவில்லை. “அது வேணாம்கா! அப்பா ஒருத்தரையே பாதியில இறக்கிவிட்ட வண்டி. நாம ரெண்டு பேர்!”

“சாம்பல் வண்டியில ஒரே ஒரு கோடுதான் சார்ஜ் இருக்கு.”

“மெதுவாப் போனா ஒரு கோடு தாங்கும். சிவப்பு நாலாவது வளைவுல நின்னுடும்கா!”

கடையக்கா ஒரு நொடி அவளைப் பார்த்தார். சிவப்பு வண்டியை அப்படியே சுவரில் சாய்த்தார். சாம்பல் வண்டியை இழுத்தார்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. திருப்புளி பின்னால் தாங்கியில் உட்கார்ந்து, கடையக்காவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். கைப்பிடியின் நடுவில் இருந்த சின்னத் திரையில் அந்த ஒற்றைக் கோடு தெரிந்தது. மூன்றாவது வளைவில் கடையக்கா மோட்டாரின் வேகத்தைக் கூட்டினார். கோடு மினுங்கத் தொடங்கியது.

“குறைங்கக்கா! கோடு மினுங்குது!”

“நேரம் ஆகுதுடி!”

“வண்டி நின்னா இன்னும் நேரம் ஆகும்!”

கடையக்கா வேகத்தைக் குறைத்தார். கியரையும் குறைத்தார். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. நான்கு. ஐந்து. ஒவ்வொரு வளைவிலும் திருப்புளி கழுத்தை நீட்டி மேலே பார்த்தாள். மேலிருந்து வேகமாக ஒரு வண்டி வருகிறதா? ஏதாவது சத்தம் கேட்கிறதா? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுகூடப் பயமாகத்தான் இருந்தது. ஆறாவது வளைவு நாய்கள் எழுந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

ஏழாவது வளைவில் திரை கறுத்துப் போனது. மோட்டார் நின்றது. கடையக்கா எழுந்து நின்று மிதித்துப் பார்த்தார். பத்தடிகூட நகரவில்லை.

இருவரும் குதித்து இறங்கினார்கள். எதிரே, மலையின் ஓரமாக ஒரு குறுக்குப் படிக்கட்டு இருந்தது. தண்ணீர்க் குழாய் பதித்தவர்கள் வெட்டியது. எட்டாவது வளைவையும் ஒன்பதாவது வளைவையும் சுற்றாமல் நேரே தொட்டிக்குப் போகும்.

“நான் ஓடுறேன்கா!”

“ஓடு! நான் இங்கயே ரோட்ல நிக்கிறேன். கீழேர்ந்து வர்ற வண்டியை எல்லாம் ஓரமா நிறுத்தறேன். ஒருவேளை…” அந்த ஒருவேளையை இருவருமே முழுதாக நினைக்க விரும்பவில்லை.

திருப்புளி ஓடினாள். படிகள் உயரமாக இருந்தன. சில படிகளில் கையையும் ஊன்றி ஏறினாள். இருபது, முப்பது, ஐம்பது. தொண்டை வறண்டது. ஒரு படியில் கால் வழுக்கி முழங்காலில் அடிபட்டது. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. எழுபது வரை எண்ணியவள், அதன் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டு, “அம்மா, யாரோடயாவது பேசிக்கிட்டே இரு, பேசிக்கிட்டே இரு” என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஏறினாள். அம்மா பேச ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார் என்று வீட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள். இன்று அதுதான் அவளுக்கு ஒரே நம்பிக்கை.

மேலே வந்து சேர்ந்தாள். தொட்டிக்குக் கீழே சாலை காலியாக இருந்தது.

போய்விட்டாரா? இன்னும் வரவில்லையா?

அப்போது இடதுபக்கம், சாலை லேசாகச் சரியும் இடத்தில், அம்மா தெரிந்தார்.

சின்னச் சரிவுதான். ஆனால் அம்மாவின் முகம் சரியில்லை. இரண்டு பிரேக்கையும் முழுதாக அழுத்திப் பிடித்திருந்தார். விரல்கள் வெளுத்திருந்தன. வண்டி நிற்கவில்லை. வேகம் கூடிக்கொண்டே வந்தது. அம்மா ஒரு காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தார். செருப்பு பிய்த்துக்கொண்டு போனது. அவருக்கு முன்னால் இன்னும் நாற்பது அடி. அதற்கு அப்புறம் ஒன்பதாவது வளைவு.

திருப்புளி கைகளை விரித்துக்கொண்டு சாலையின் நடுவில் பாய்ந்தாள். இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டாள்.

குறுக்கே நின்றால் அம்மா என்ன செய்வார்? நிறுத்தப் பார்ப்பார். நிறுத்த முடியாது. மகள்மேல் இடிக்காமல் இருக்க வண்டியைத் திருப்புவார். அவருக்கு வலதுபக்கம் பள்ளம்.

எதை வைத்து நிறுத்துவது? பிரேக் இல்லாமல் ஒரு வண்டி எப்படி நிற்கும்?

அப்பா ஓட்டிய சிவப்பு வண்டி நின்ற மாதிரி நிற்கும்! ஏற்றத்தில் நிற்கும்!

சாலையின் இடது ஓரத்தில், தொட்டிக்கு ஏறும் மண்பாதை இருந்தது. திருப்புளி பாய்ந்து அதன் ஓரமாகப் போய் நின்றாள். இரண்டு கைகளாலும் மேலே காட்டினாள்.

“அம்மா! இந்தப் பக்கம்! தொட்டிக்கு ஏறு! ஏறும்மா! மேலே!”

அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. வீட்டில் இருக்க வேண்டிய மகள் எப்படி மலைமேல் வந்தாள் என்று யோசிக்கக்கூட நேரம் இல்லை. ஆனால் அந்தக் குரலை அவர் நம்பினார். கைப்பிடியை இடதுபக்கம் ஒடித்தார்.

வண்டி சாய்ந்தது. முண்டு டயர்கள் மண்ணைக் கிழித்தன. கல் தெறித்தது. விழப்போகிறது என்று திருப்புளி நினைத்தபோது, சக்கரங்கள் பாதையைப் பிடித்துக்கொண்டன. வண்டி மேலே ஏறியது. ஏற ஏற வேகம் குறைந்தது. நடக்கிற வேகம். ஊர்கிற வேகம். நின்றது.

நின்ற வண்டி, பின்பக்கமாக உருளத் தொடங்கியது.

“கல்லு!” என்று கத்தினார் அம்மா. அவர் கத்துவதற்கு முன்பே, திருப்புளி பாதையோரம் கிடந்த ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, பின்சக்கரத்துக்கு அடியில் சொருகிவிட்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கியது.

அம்மா இறங்கினார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திருப்புளியும் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவருக்கும் மூச்சு வாங்கியது.

“பிரேக்குக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றார் அம்மா, கடைசியில். “புது வண்டி. எப்படின்னே தெரியல.”

சொல்லாமல் இருந்துவிடலாம். வண்டிமேல் பழி போட்டால் வண்டி மறுத்துப் பேசாது. கடையக்காவிடம் கெஞ்சிக் கேட்டால் அவரும் காட்டிக்கொடுக்கமாட்டார். இவ்வளவும் திருப்புளியின் மனதில் ஓடியது. ஓடி முடிப்பதற்குள் வாய் பேசிவிட்டது.

“தானா ஒண்ணும் ஆகலம்மா. நான்தான். கீச் சத்தம் நிக்கணும்னு தட்டுல எண்ணெய் விட்டேன். ரெண்டுலயும்.”

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. திருப்புளி அடிக்குக்கூடத் தயாராக இருந்தாள்.

“யார்கிட்டயாவது கேட்டியா?”

“இல்ல.”

“எங்கிட்டயாவது சொன்னியா?”

“நீ ஆச்சரியப்படணும்னு…”

“ஆச்சரியப்பட்டேன்” என்றார் அம்மா. “போதும். இப்பப் பேசாத. எனக்குக் கோபம் கோபமா வருது.”

திருப்புளி வாயைப் பொத்திக்கொண்டாள். இவ்வளவு நேரம் விழுங்கி வைத்திருந்த அழுகை இப்போது தானாக வெளியே வந்தது. அம்மா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. ஆனால் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். கோபத்தோடேயே, ரொம்பக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

படிக்கட்டில் மூச்சு வாங்க ஏறி வந்த கடையக்கா, இருவரையும் உயிரோடு பார்த்ததும், “அப்பாடி!” என்று அவரும் மண்ணில் உட்கார்ந்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து கருவியை எடுத்து, வண்டியின் பிரேக் கட்டைகளைக் கழற்றினார்.

“எண்ணெய் குடிச்ச கட்டை உதவாது. புதுசு போடணும். தட்டைக் கழுவினாப் போதும். நாளைக்குச் சரியாயிடும்” என்றவர், வண்டியைத் தொட்டித் தூணோடு சேர்த்துப் பூட்டினார். “இன்னிக்கு இதை யாரும் தொடக் கூடாது. நடந்தே இறங்குங்க.”

ஏழாவது வளைவில் விட்டுவந்த சாம்பல் வண்டியை எடுக்க அவர் முன்னால் போனார். அம்மாவும் மகளும் பின்னால் நடந்தார்கள். வளைவு வீடுகளுக்கான பார்சல்கள் இன்னும் பாக்கி இருந்தன. ஒரு பையை அம்மா தூக்கிக்கொண்டார். இன்னொன்றைத் திருப்புளி தோளில் மாட்டிக்கொண்டாள். அது கனத்தது. இரண்டு வளைவு தாண்டினார்கள்.

பிறகு அம்மா, “ஏறுன்னு கத்தினியே, அது எப்படித் தோணிச்சு?” என்று கேட்டார்.

“தெரியலம்மா. அப்பா வண்டி ஏத்தத்துல நின்னது ஞாபகம் வந்துச்சு.”

“ம்” என்றார் அம்மா. அந்த ‘ம்’மில் கோபம் பாதியாகக் குறைந்திருந்தது.

ஏழாவது வளைவில் தேனீ வளர்ப்பவரின் வீடு. முகத்தில் வலையோடு அவரே வெளியே வந்தார். அவர் பின்னால் கதவு ‘க்ரீஈஈச்’ என்று கத்திக்கொண்டே மூடியது.

“என்ன தபாலம்மா, நடந்து வர்றீங்க? வண்டி என்ன ஆச்சு?”

“வண்டியில ஒரு சின்னக் கோளாறு” என்றார் அம்மா.

திருப்புளி பார்சலை நீட்டினாள். “வண்டியில கோளாறு இல்லீங்க. சத்தம் வருதேன்னு நான்தான் பிரேக்ல எண்ணெய் விட்டுட்டேன்.”

தேனீக்காரர் வலையைத் தூக்கிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தார். முழங்காலில் ரத்தம், கன்னத்தில் மண், கண்ணில் காய்ந்த நீர். அவர் திட்டவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவைக் காட்டினார்.

“அப்ப இந்தக் கதவுக்கும் ரெண்டு சொட்டு விட்டுட்டுப் போறியா? நானும் ஒரு வருஷமாப் பார்க்கிறேன், உயிரை வாங்குது.”

திருப்புளி அம்மாவைப் பார்த்தாள். பிறகு கதவின் கீலைக் குனிந்து கவனமாகப் பார்த்தாள்.

“கதவுக்கு விடலாம்” என்றாள். “அது மலை இறங்காது.”

அதைக் கேட்டு அம்மா சிரித்த சிரிப்பில், ஆறாவது வளைவு நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைக்க ஆரம்பித்தன.